எந்த வண்டிக்கு எந்த பிளேடு?

கோடை மழை இரண்டு விழுந்ததும் நிலம் திருத்தும் வேலை தொடங்கிவிடும். அதனால் இந்த முறை எடுத்துக்கொண்ட கேள்விகள் பெரும்பாலும் பிளேடு, அதாவது வண்டியில் மாட்டி மண் தள்ளும் தகடு, பற்றியவை. ஒன்று மட்டும் மண் தள்ள அல்ல, பனி தள்ள.

கேள்வி: 45 எச்.பி. டிராக்டர் இருக்கிறது. ஒரு ஏக்கர் கொல்லையைச் சமப்படுத்திக் கழனியாக்க வேண்டும். கிழக்கே மேடு, மேற்கே பள்ளம். முன்னால் டோசர் மாட்டுவதா, பின்னால் பிளேடு மாட்டுவதா?
— வாசகர், அணைக்கட்டு

பதில்: கடைக்குப் போவதற்கு முன் நிலத்தை அளந்துவிடுங்கள். கொத்தனார் வைத்திருக்கும் டியூப் லெவல் போதும். 20 மீட்டர் டியூபில் தண்ணீர் நிரப்பி, இரண்டு முனைகளையும் சேர்த்துப் பிடித்துப் பாருங்கள். இரண்டிலும் தண்ணீர் ஒரே மட்டத்தில் நின்றால் உள்ளே காற்றுக் குமிழி இல்லை என்று அர்த்தம். மட்டம் வித்தியாசப்பட்டால் டியூபைச் சுண்டி குமிழியை வெளியேற்றிய பிறகுதான் அளக்க வேண்டும். பத்து மீட்டருக்கு ஒரு முளைக்குச்சி அடித்தால் ஒரு ஏக்கருக்கு நாற்பது குச்சிக்குள் அடங்கிவிடும். ஒவ்வொரு குச்சியிலும் மட்டத்துக்கும் தரைக்கும் உள்ள உயரத்தைக் குறித்து, எல்லாவற்றையும் கூட்டிச் சராசரி எடுங்கள். அதுதான் உங்கள் கழனியின் கடைசி மட்டம்.

ஒரு கோடியிலிருந்து மறு கோடிக்குச் சீராக 30 செ.மீ. சரிவு இருப்பதாக வைத்துக்கொள்வோம். மேட்டுப் பாதியின் ஓரத்தில் 15 செ.மீ. வெட்ட வேண்டும், நடுவில் வெட்டே இல்லை. சராசரி வெட்டு ஏழரை செ.மீ. அரை ஏக்கர் என்பது 2,023 சதுர மீட்டர். ஆக நகர்த்த வேண்டிய மண் சுமார் 150 கன மீட்டர், அதாவது 53 யூனிட் (ஒரு யூனிட் 100 கன அடி).

ஆறடி அகலம், 40 செ.மீ. உயரம் உள்ள பின் பிளேடு ஒரு நடைக்கு எவ்வளவு தள்ளும்? அகலத்தை உயரத்தின் வர்க்கத்தால் பெருக்கி, அதில் 0.8 பங்கு எடுத்தால் கிடைப்பது கால் கன மீட்டருக்கும் சற்றுக் குறைவு. 150 கன மீட்டருக்கு 650 நடை. போக வர, திருப்ப ஒரு நடைக்கு இரண்டு நிமிடம் என்றாலும் 21 மணி நேரத்துக்கு மேல். நாற்பது மீட்டர் இழுக்கும்போது மண் இரு ஓரமும் வழிந்துவிடும் என்பதால் உண்மையில் அதைப்போல இரட்டிப்பு ஆகும். டீசலும் போய், கிளட்ச் தட்டும் போய்விடும்.

எனவே 30 செ.மீ. சரிவுக்கு எந்த டிராக்டர் பிளேடும் விடையல்ல. வேளாண்மைப் பொறியியல் துறையின் புல்டோசரையோ தனியார் ஜே.சி.பி.யையோ வாடகைக்கு எடுத்துப் பெரிய வெட்டை முடித்துவிடுங்கள். துறையின் இயந்திரங்களை இ-வாடகை முறையில் பதிவு செய்யலாம். கடைசி பத்து செ.மீ. சரிவைச் சரிசெய்யவும், வருடா வருடம் வரப்பு ஓரம் ஒழுங்குபடுத்தவும் பின் பிளேடு அருமையான கருவி. முன் டோசர் அந்த வேலைக்குத் தேவையில்லை. எருக்குப்பை தள்ளுவது, ஏரி வண்டலைப் பரப்புவது, கல் குவியலை ஒதுக்குவது என்று தினமும் வேலை இருப்பவருக்குத்தான் முன் டோசர்.

பின் பிளேடு வாங்குவதானால் ஏழடி. காரணம் இதுதான்: மண்ணை ஓரம் ஒதுக்க பிளேடை 30 டிகிரி சாய்த்தால் அகலம் 0.87 பங்காகக் குறையும். ஆறடி பிளேடு ஐந்தே கால் அடிதான் வரும். 45 எச்.பி. வண்டியின் பின் டயர் வெளி அகலம் அதைவிட அதிகம், ஆகவே செதுக்கிய இடத்தை டயரே மிதிக்கும். ஏழடி பிளேடு சாய்த்தாலும் ஆறடி நிற்கும். வாங்கும்போது கீழ் ஊசித் துளையை அளந்து பாருங்கள். முதல் வகை இணைப்புக்கு ஊசி 22 மி.மீ., இரண்டாம் வகைக்கு 28 மி.மீ. உங்கள் வண்டிக்கு எது என்று தெரியாமல் வாங்கிவிட்டு, துளையை கேஸ் கட்டிங்கில் பெரிதாக்கினால் ஊசி ஆடி ஆடி இரண்டே வருடத்தில் காது கிழிந்துவிடும்.

ஒரு விஷயத்தை மட்டும் தயவுசெய்து மறக்க வேண்டாம். உங்கள் பக்கத்துச் செம்மண் கொல்லையில் மேல்மண் ஒரு சாண்கூட இருக்காது. வெட்டுகிற இடத்தில் முதலில் மேல்மண்ணைச் செதுக்கி ஓரமாகக் குவித்துவிட்டு, அடிமண்ணை வெட்டிப் பள்ளத்தில் போட்டு, பிறகு மேல்மண்ணைத் திரும்பப் பரப்ப வேண்டும். பள்ளத்திலும் அப்படியே: அங்குள்ள மேல்மண்ணை முதலில் ஒதுக்கிவிட்டுத்தான் நிரப்ப வேண்டும். ஜே.சி.பி. ஓட்டுபவர் மணிக்கணக்கில் வாடகை வாங்குபவர். நீங்கள் கூடவே நின்று சொன்னால்தான் இது நடக்கும்.

கேள்வி: பின் பிளேடு வாங்கி ஒரு மாதம் ஆகிறது. கெட்டித் தரையில் கடிக்கவே மாட்டேன் என்கிறது, மேலே வழுக்கிக்கொண்டு வருகிறது. மண் தளர்ந்த இடத்திலோ அலை அலையாக மேடு போடுகிறது. பிளேடு கோளாறா?
— வாசகர், குடியாத்தம்

பதில்: பிளேடு நன்றாகத்தான் இருக்கும். டிராக்டரின் பின் லிஃப்ட் தூக்க மட்டும்தான் செய்யும், கீழே அழுத்தாது. பிளேடு தன் சொந்த எடையில்தான் இறங்குகிறது. காய்ந்த தரையில் அந்த எடை போதாது. முதலில் கொக்கிக் கலப்பையால் குறுக்கும் நெடுக்கும் இரண்டு சால் ஓட்டிவிட்டு பிளேடை இறக்குங்கள். ஈரமும் முக்கியம். ஒரு பிடி மண்ணை உள்ளங்கையில் இறுக்கிப் பிடித்துத் திறந்தால் உருண்டையாக நிற்க வேண்டும், விரலால் தட்டினால் உதிர வேண்டும். கையில் ஒட்டினால் இரண்டு நாள் பொறுங்கள்.

அடுத்து டாப் லிங்க், அதாவது பிளேடின் மேல்பகுதியை வண்டியோடு இணைக்கும் நீட்டிச் சுருக்கும் கம்பி. பிளேடைப் பக்கவாட்டில் நின்று பாருங்கள். பிளேடின் தலை முன்னால் கவிழ்ந்திருந்தால் விளிம்பு தரையைச் சுரண்டும், கடிக்காது. டாப் லிங்கை இரண்டு மூன்று சுற்று நீட்டினால் தலை பின்னால் சாய்ந்து விளிம்பு முன்னால் வரும், அப்போது கடிக்கும். கடைசி நடையில் மழமழவென்று இழுக்க மறுபடி சுருக்கிக்கொள்ளலாம்.

அலை விழுவதற்கு இரண்டு காரணம். பெரும்பாலும் முதல் காரணம் லீவர். லிஃப்டுக்கு இரண்டு கட்டுப்பாடு உண்டு: வைத்த உயரத்திலேயே நிறுத்தும் பொசிஷன், இழுவைக்கு ஏற்பத் தூக்கி இறக்கும் டிராஃப்ட். உழவுக்குப் போட்ட டிராஃப்டிலேயே பிளேடை ஓட்டினால், மண் அதிகம் சேர்ந்து இழுவை கூடும் ஒவ்வொரு முறையும் லிஃப்ட் தானே தூக்கிவிடும். சுமை குறைந்ததும் இறக்கிவிடும். அலை அதனால்தான். பிளேடு வேலை முழுக்கப் பொசிஷன் லீவரில்தான். இரண்டாவது காரணம் வண்டியின் அமைப்பு. முன் சக்கரம் மேட்டில் ஏறினால் பின்னால் தொங்கும் பிளேடு கீழே புதையும், பள்ளத்தில் இறங்கினால் மேலே எழும். ஒரே திசையில் திரும்பத் திரும்ப ஓட்டினால் சின்ன மேடு பெரிதாகிக்கொண்டே போகும். முதல் நடை நேராக, அடுத்த நடை கோணலாக, மூன்றாவது அதற்குக் குறுக்கே என்று மாற்றி ஓட்டுங்கள். இரண்டாம் கியருக்கு மேல் வேண்டாம். பக்கச் சங்கிலிகளையும் இறுக்கிவிடுங்கள். பிளேடு இடம் வலமாக ஆடினால் மட்டம் என்றைக்கும் வராது.

கேள்வி: டிராக்டருக்கு முன் டோசர் மாட்டியதிலிருந்து ஸ்டியரிங் கனக்கிறது. முன் டயர் ஓரம் தேய்கிறது. கிளட்ச் ஹவுசிங் போல்ட் இரண்டு முறை தளர்ந்துவிட்டது. கழற்றிவிடலாமா?
— வாசகர், கே.வி.குப்பம்

பதில்: போல்ட் தளர்வதுதான் இதில் பெரிய ஆபத்து. லாரிக்கு இருப்பதுபோல டிராக்டருக்குத் தனிச் சட்டம் கிடையாது. இன்ஜின், கிளட்ச் ஹவுசிங், கியர்பாக்ஸ் மூன்றும் ஒன்றோடொன்று போல்ட் போட்டு இணைந்ததுதான் முதுகெலும்பு. டோசரை முன் பம்பரிலும் இன்ஜின் பக்கத்திலும் மட்டும் பிடித்திருந்தால், மண்ணில் மோதும் ஒவ்வொரு அடியும் அந்த இணைப்பை வளைக்கப் பார்க்கும். ஒருநாள் ஹவுசிங்கே விரியும். சரியான டோசரில் தள்ளு கைகள் இரண்டும் வண்டியின் அடியில் நீண்டு பின் அச்சு ஹவுசிங்கில் போய்ப் பூட்டியிருக்கும். உங்களுடையதில் அது இல்லையென்றால், அந்தச் சட்டம் போடும்வரை வண்டியை வேலைக்கு எடுக்காதீர்கள்.

ஸ்டியரிங் கனப்பதைக் கணக்கால் பார்க்கலாம். டோசர் 400 கிலோ, அதன் எடை முன் அச்சுக்கு ஒரு மீட்டர் முன்னால் விழுகிறது, இரண்டு அச்சுகளுக்கும் நடுவே இரண்டு மீட்டர் என்று கொள்ளுங்கள். முன் அச்சில் ஏறுவது 400 கிலோ அல்ல, 600 கிலோ. மிச்ச 200 கிலோ பின் அச்சிலிருந்து பிடுங்கிக்கொள்ளப்படுகிறது. முன்னால் பாரம், பின்னால் பிடிமானம் இல்லை. டயர் தேய்வதும் சக்கரம் சுழல்வதும் இதனால்தான்.

பின் டயர்களில் முக்கால் பங்கு தண்ணீர் நிரப்புங்கள். வால்வை மேலே வைத்து, வால்வு மட்டம்வரை தண்ணீர் விட்டால் அதுதான் முக்கால். பின் லிஃப்டில் ஒரு சிமெண்ட் பாளமோ கலப்பையோ மாட்டிக்கொண்டு தள்ளுங்கள். முன் டயர் காற்றைக் கம்பெனி சொன்ன அதிகபட்ச அளவுக்கு ஏற்றுங்கள். முன் அச்சின் நடு ஊசி புஷ், கிங்பின் இரண்டுக்கும் தினமும் கிரீஸ். பிளேடைத் தூக்கியபடி முன் சக்கரத்தை முழுதாகத் திருப்பிக்கொண்டு வேகமாக ஓட்டுவது வேண்டாம்.

கேள்வி: என் மகன் கனடாவில் ஸ்கார்பரோவில் இருக்கிறான். அரை டன் பிக்கப் வண்டி வைத்திருக்கிறான். பனிக்காலத்தில் தெரிந்தவர்கள் வீடு நாலைந்தில் வாசல் பாதையைத் தள்ளிக் கொடுக்க பிளேடு மாட்டப்போகிறேன் என்கிறான். நேர் பிளேடா, வி பிளேடா, இரும்பா, பிளாஸ்டிக்கா என்று குழம்புகிறான். வண்டிக்கு ஒன்றும் ஆகாதே?
— வாசகி, காட்பாடி

பதில்: அம்மா, மேலே கே.வி.குப்பம் வாசகருக்குச் சொன்ன கணக்கேதான் அங்கும். முதலில் ஓட்டுநர் பக்கக் கதவைத் திறந்து, கதவு நிலையில் ஒட்டியிருக்கும் சீட்டைப் படிக்கச் சொல்லுங்கள். முன் அச்சு தாங்கக்கூடிய அதிகபட்ச எடை அதில் இருக்கும். பிறகு டேங்க் நிறைய பெட்ரோல், ஓட்டுபவரும் பக்கத்தில் ஒருவரும் உட்கார்ந்திருக்க, எடை மேடையில் முன் சக்கரங்களை மட்டும் ஏற்றி நிறுத்தி எடை எடுக்க வேண்டும். இரண்டுக்கும் உள்ள வித்தியாசம்தான் பிளேடுக்கு இருக்கும் இடம்.

அரை டன் வண்டிக்கென்று (அது எடையல்ல, பிக்கப்பின் ரகப் பெயர்) செய்யும் ஏழரை அடி நேர் பிளேடு சுமார் 230 கிலோ இருக்கும். அது முன் அச்சுக்கு 1.2 மீட்டர் முன்னால் தொங்குகிறது, அச்சுகளின் இடைவெளி 3.7 மீட்டர் என்றால் முன் அச்சில் ஏறுவது 305 கிலோ. பின் அச்சில் 75 கிலோ குறையும். பின் பெட்டியில், பின் அச்சுக்கு ஒரு மீட்டர் பின்னால் 150 கிலோ மணல் மூட்டையைக் கட்டி வைத்தால் பின் அச்சில் 190 கிலோ ஏறும், முன்னால் 40 கிலோ குறையும். மூட்டை நகராமல் கட்டியிருக்க வேண்டும். பிரேக் போட்டால் முன்னால் பாய்ந்து வரும்.

முக்கால் டன், ஒரு டன் வண்டிகளுக்கான பிளேடு 300 முதல் 400 கிலோவரை போகும். மலிவாகக் கிடைத்ததென்று பழைய கனத்த பிளேடை அரை டன் வண்டியில் மாட்டினால் முன் சஸ்பென்ஷன், பால் ஜாயிண்ட், வீல் பேரிங் ஒவ்வொன்றாகப் போகும். அவன் வண்டியின் மாடல், ஆண்டு, இன்ஜின், கேபின் வகை நான்கையும் சொன்னால் எந்த பிளேடு பொருந்தும் என்று பிளேடு கம்பெனிகளே பட்டியல் பார்த்துச் சொல்வார்கள். அந்தப் பட்டியலில் இல்லாததை வாங்க வேண்டாம்.

வீட்டு வாசல் வேலைக்கு நேர் பிளேடே போதும். வி பிளேடு நடுவில் மடங்கும். மூக்குபோல நீட்டினால் கெட்டிப்பட்ட பனிக்கரையைப் பிளந்துகொண்டு போகும், உள்வளைத்தால் அள்ளிக்கொண்டு போகும். பெரிய வாகன நிறுத்தங்களுக்கு அது மிகச் சிறந்தது. ஆனால் எடையும் விலையும் கூடுதல், பழுதாகக் கூடிய சிலிண்டரும் இணைப்பும் அதிகம். நாலைந்து வாசலுக்கு அந்தச் செலவு வீண். அகலம் ஏழரை அடிக்குக் குறையாமல் இருக்கட்டும். 30 டிகிரி சாய்த்தால் அது ஆறரை அடிதான் வரும், வண்டியின் சக்கர அகலமும் ஏறக்குறைய அவ்வளவுதான்.

அவன் கேட்காத ஒன்றைத்தான் முதலில் கேட்க வேண்டும்: கராஜ் கதவருகே கிடக்கும் பனியை எப்படி எடுப்பான்? அங்கே முன்னால் தள்ள முடியாது. கதவை ஒட்டி பிளேடை இறக்கி, பின்னோக்கி இழுத்துக்கொண்டு வர வேண்டும். எடை குறைந்த பிளேடு அப்போது பனிமேல் மிதக்கும். சில பிளேடுகளில் ஹைட்ராலிக் கீழேயும் அழுத்தும். வாசல் வேலைக்கு அந்த வசதி உள்ளதாகத் தேடுவது நல்லது.

இரும்பா பிளாஸ்டிக்கா என்பது இரண்டாம்பட்சம். ஈரப்பனி பிளாஸ்டிக் முகத்தில் ஒட்டாமல் உருளும், துருவும் பிடிக்காது. இரும்பு அடிபட்டாலும் தட்டி நிமிர்த்தலாம், பற்றவைக்கலாம், ஆனால் சாலை உப்பில் பெயின்ட் உரிந்த இடமெல்லாம் துரு ஏறும். இதைவிட முக்கியம், தடையில் மோதினால் பிளேடு எப்படி மடங்குகிறது என்பது. ஒரு வகையில் முழு பிளேடும் ஸ்பிரிங்கில் முன்னால் கவிழும். தள்ளிக்கொண்டிருந்த பனியெல்லாம் கொட்டிவிடும். இன்னொரு வகையில் கீழ் விளிம்பு மட்டும் மடங்கி எழும். பனி மூடிய கல்லும் சாக்கடை மூடியும் உள்ள இடத்தில் இந்த இரண்டாவது வகைதான் சௌகரியம்.

தார், காங்கிரீட் பாதையில் பிளேடின் அடித்தாங்கி செருப்புகளைக் கழற்றிவிட்டுத் தரையோடு ஓட்டலாம். சரளைக்கல் பாதையில் செருப்பை இறக்கி ஒன்று இரண்டு செ.மீ. உயர்த்தித்தான் ஓட்ட வேண்டும், இல்லாவிட்டால் சரளை முழுக்கப் புல்வெளிக்குப் போய்விடும்.

கரண்ட் பக்கம் கவனம் தேவை. பிளேடைத் தூக்குவது 12 வோல்ட் மோட்டார் பம்பு, தூக்கும் நொடியில் பேட்டரியை உறிஞ்சும். கடுங்குளிரில் பழைய பேட்டரி தாங்காது. உப்புத் தண்ணீர் பட்டு கனெக்டர்கள் பச்சை பூத்துவிடும், அதற்கான மின் கிரீஸ் பூசி மூடி போட்டு வைக்கட்டும். ஹைட்ராலிக் எண்ணெயை வருடத்துக்கு ஒருமுறை மாற்ற வேண்டும், உள்ளே சேரும் ஈரம் உறைந்தால் பிளேடு பாதியில் நின்றுவிடும். தூக்கிய பிளேடு ரேடியேட்டருக்குப் போகும் காற்றை மறைக்கும். வீட்டுக்கு வீடு போகும்போது பிளேடைச் சாய்த்து, தேவைக்கு மேல் தூக்காமல் நிதானமாக ஓட்டட்டும்.

காசு வாங்கிக்கொண்டு தள்ளுவதானால் சாதாரண வண்டி இன்சூரன்ஸ் பெரும்பாலும் செல்லாது. முன்கூட்டியே கேட்டு எழுத்தில் வாங்கிக்கொள்ளட்டும். வாசல் பனியைச் சாலையில் தள்ளிப் போடுவது ஸ்கார்பரோ இருக்கும் ஒன்டாரியோ மாகாணத்தில் சட்டப்படி குற்றம். அதனால் ஒவ்வொரு வீட்டிலும் பனியை எங்கே குவிப்பது என்று பனி விழுமுன்பே பார்த்து, பாதை ஓரம் குச்சி நட்டு வைக்க வேண்டும். விழுந்த பிறகு புல்தரை எது, பாதை எது என்று தெரியாது.

கேள்வி: பிளேடின் கீழ் விளிம்பு தேய்ந்துவிட்டது. பழைய லாரி ஸ்பிரிங் பட்டையை வெல்டிங் வைத்தோம். பத்து நாளில் வெல்டிங்கை ஒட்டி விரிந்துவிட்டது. ஏன்?
— வாசகர், பேரணாம்பட்டு

பதில்: பட்டை நல்ல இரும்புதான், வெல்டிங்தான் ஒத்துவரவில்லை. ஸ்பிரிங் இரும்பில் கரிச்சத்து அதிகம். சூடேற்றாமல் சாதாரண 6013 ராடில் பற்றவைத்தால், வெல்டிங்கை ஒட்டிய பகுதி சட்டென்று ஆறி கண்ணாடிபோல நொறுங்கும் தன்மைக்கு வந்துவிடும். நீங்கள் பார்த்த விரிசல் வெல்டிங்கில் இருக்காது, அதற்குப் பக்கத்தில் பட்டையில் இருக்கும். வைத்தே ஆக வேண்டுமென்றால் பட்டையை 200 டிகிரிக்கு மேல் சூடாக்கி, உலர்ந்த 7018 ராடில் பற்றவைத்து, சாம்பலிலோ காய்ந்த மணலிலோ மூடி மெதுவாக ஆறவிட வேண்டும்.

அதைவிட நல்லது, துளை போட்டு போல்ட்டில் மாட்டும் விளிம்பு. போல்ட் தலை முகத்தோடு பதிந்து நிற்க வேண்டும், தலைக்குக் கீழே சதுரக் கழுத்து இருக்க வேண்டும். அப்போதுதான் நட்டை இறுக்கும்போது போல்ட் சுற்றாது. இரு பக்கமும் விளிம்பு உள்ள பட்டை வாங்கினால் ஒரு பக்கம் தேய்ந்ததும் திருப்பி மாட்டலாம். பிளேடு தகட்டுக்கும் தரைக்கும் நடுவே அரை அங்குலம் மிச்சம் இருக்கும்போதே திருப்பிவிடுங்கள். தகடே தேயத் தொடங்கினால் போல்ட் போட இடமிருக்காது.

கேள்வி: லேசர் லெவலர் வாடகைக்கு எடுப்பது லாபமா?
— வாசகர், ஆற்காடு

பதில்: லேசர் லெவலர் என்பது லேசர் கதிரை வைத்து மட்டம் பிடித்து மண்ணைச் செதுக்கும் கருவி. ஏரிப்பாசனம், கிணற்றுப் பாசனம் எதுவானாலும் நெல் போடுகிற, பெரிய வெட்டு தேவைப்படாத கழனிக்கு லாபம். மட்டம் இரண்டு செ.மீ.க்குள் வரும். கண்ணால் பார்த்து பின் பிளேடில் அது வராது. 50 எச்.பி. வண்டி வேண்டும், பாத்திகளைச் சேர்த்துப் பெரிய பாத்தியாக்கினால்தான் திருப்பும் நேரம் மிச்சமாகும். அரைக் காணி, கால் காணியாக வரப்பு போட்டிருந்தால் எடுக்காதீர்கள். சேடை கூட்டியபின் பரம்படித்துக்கொள்வதே போதும்.

கேள்வி: சென்ற வருடம் நிலம் திருத்தினோம். வெட்டிய பக்கத்தில் மட்டும் நெல் பழுப்புப் புள்ளி விழுந்து குட்டையாக நிற்கிறது. யூரியா போட்டும் தேறவில்லை.
— வாசகர், கணியம்பாடி

பதில்: அடிமண் மேலே வந்துவிட்டது. புள்ளியும் குட்டையும் பெரும்பாலும் துத்தநாகக் குறைவு, யூரியாவால் தீராது. அடுத்த நடவுக்கு முன் ஏக்கருக்கு 10 கிலோ துத்தநாக சல்பேட்டை அதே அளவு மணலுடன் கலந்து, கடைசிப் பரம்புக்குப் பிறகு தூவுங்கள். டி.ஏ.பி.யுடன் சேர்த்துப் போட வேண்டாம், மணிச்சத்து அதைக் கட்டிப்போடும். வெட்டிய பக்கத்துக்கு மட்டும் இரட்டிப்பு எரு கொடுங்கள். தண்ணீர் இருந்தால் ஏக்கருக்கு 20 கிலோ தக்கைப்பூண்டு விதைத்து, பூக்கும் தறுவாயில் மடக்கி உழுதுவிடுங்கள். விரிஞ்சிபுரம் வேளாண் அறிவியல் நிலையத்தில் மண் பரிசோதனைக்குக் கொடுக்கும்போது வெட்டிய பக்கம் ஒரு மாதிரி, நிரப்பிய பக்கம் ஒரு மாதிரி என்று தனித்தனிப் பையில் கொடுங்கள். கலந்து கொடுத்தால் இரண்டு பக்கத்துக்கும் பொருந்தாத ஒரு சராசரிதான் கையில் வரும்.